மூன்றாவது மணிக்கு வருகிறவர்கள்

ஆவரம்பட்டிப் பங்குக் கொட்டகையில் செத்துப்போன உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்து நாடகம் பார்க்கத் தொடங்கி நாலைந்து வருஷம் ஆகி, ஊரும் அதைப் பழகி, பழகியதைப் பற்றிப் பேசுவதையும் விட்டுவிட்டிருந்த சமயத்தில்தான், கொட்டகையை விற்றுவிடலாமா என்ற பேச்சு கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை தானாக வரும் என்று நம்பிக்கொண்டு, ஆறு நாளும் தீப்பெட்டியாபீசில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பூங்கனிக்கு, அந்தப் பேச்சு காதில் விழுந்த அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

கொட்டகை முன்பு பருத்திக் குடோனாக இருந்தது. அடுத்தவன் மேடையில் ஏறி, அடுத்தவன் கைகாட்டினால் இறங்கி, சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறி அலுத்துப்போன நாடகக்காரர்களும், மேளக்காரர்களும், பாட்டுக் கச்சேரிக்காரர்களுமாக முப்பது பேர் சேர்ந்து, காதில் கழுத்தில் கிடந்ததைக் கழற்றியும், ஆளுக்கு இத்தனை நாள் என்று செங்கல் சுமந்தும், அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். முதலாளி என்று ஒருத்தர் கிடையாது. ராஜா வேஷம் கட்டுகிறவருக்கும் ஒரு கை, திரை இழுக்கிறவருக்கும் ஒரு கை, எதுவானாலும் கை தூக்கி எண்ணித்தான் முடிவு. பங்கு வாங்கிய ஒவ்வொருத்தரும் தன் வீட்டிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டு, அதன் முதுகில் பெயிண்டால் தன் பெயரை எழுத வேண்டும். அந்த நாற்காலியில் அவரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. அதில் உட்கார்ந்தபடி தூக்கினால்தான் கை செல்லும். அப்படித்தான் ஒயர் நாற்காலியும், சலூன் நாற்காலியும், ஒரு கால் கட்டையான பள்ளிக்கூடத்து நாற்காலியும், யாரோ கல்யாணச் சீராகக் கொண்டுவந்த தேக்கு நாற்காலியும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வரிசையில் கிடந்தன. டிக்கெட் வாங்கி வருகிற சனங்கள் முன்னால் மணலில் உட்காருவார்கள். தீப்பெட்டியாபீஸ் பெண்களுக்குத் தோதாக ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு ஆட்டம், மூன்று தடவை மணி அடித்த பிறகு திரை ஏறும்.

முதலில் வந்தவர் மிருதங்கம் பரமசிவம். புதன்கிழமை இறந்தார், வியாழக்கிழமை எடுத்தார்கள், ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது மணி அடித்ததும் அவருடைய ஒயர் நாற்காலியில், போட்ட மாலையெல்லாம் இல்லாமல், எப்போதும் போடுகிற கட்டம் போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் சேவியர், கிளாரினெட் வாசிக்கிறவர், மேடையில் திரையை விலக்கி அதைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப்போட்டு இன்னொரு தடவை பார்த்தார், அப்புறம் திரைக்காரரிடம், "என்னத்தப் பாக்க? மணி அடிச்சாச்சு, தூக்குய்யா" என்றார்.

அதிலிருந்து செத்த உறுப்பினர் ஒவ்வொருத்தரும் வந்தார்கள். பேசமாட்டார்கள், திரும்பமாட்டார்கள், மேடையை மட்டும் பார்ப்பார்கள், கடைசித் திரை விழுந்ததும் இருக்கமாட்டார்கள். டீக்காரம்மா முதல் இரண்டு வாரம் அவர்கள் பக்கத்திலும் கிளாஸ் வைத்தாள், சொட்டுக் குறையாமல் ஆறிப்போனதைப் பார்த்து மூன்றாவது வாரத்திலிருந்து நிறுத்திவிட்டாள். பெண்டுபிள்ளைகள் வந்து, பீரோச் சாவி எங்கே, யார்கிட்டே கடன் சொன்னீங்க என்று காதில் கேட்டுப் பார்த்தார்கள், பதில் வரவில்லை. கோயில் பூசாரி வந்து துண்ணூறு எறிந்தார், பாஸ்டர் வந்து ஜெபித்தார், போலீஸ்காரர் ஒருத்தர் வந்து இதற்கு என்ன செக்‌ஷன் என்று யோசித்துவிட்டு மூன்றாவது காட்சி வரைக்கும் இருந்து பார்த்துப் போனார். செத்தவர்கள் உடம்பு மண்பானை மாதிரி குளிர்ச்சியாக இருக்கும் என்பதைச் சின்னப் பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். சித்திரை வெயிலில் மணலில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளெல்லாம் ஒவ்வொன்றாக எழுந்துபோய்ச் செத்தவர்கள் காலில் சாய்ந்துகொண்டன. நடிகர்களுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது, செத்தவர்கள் கை தட்டுவதில்லை என்று. அதற்கு ஸ்திரீபார்ட் குருவம்மாள், "உசுரோட இருக்கிறவன் தட்டிக் கிழிச்சுட்டானாக்கும்" என்று சொல்லி அந்தப் பேச்சையும் முடித்துவைத்தாள். பொதுக்கூட்டம் போட்டு, இறந்த உறுப்பினர்கள் ஆட்டம் பார்க்கலாம், கை தூக்க முடியாததால் அவர்களை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை என்று தீர்மானமும் எழுதினார்கள்.

ஒன்றே ஒன்றுதான் எல்லோருக்கும் பயம். பிடில் சங்கரலிங்கத்தின் மகன், அப்பா பங்கை வாரிசுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுத் தன் பெயருக்கு மாற்றினான். மேடையில் அரிச்சந்திரன் சுடலையில் நின்று பாடிக்கொண்டிருந்தான், சங்கரலிங்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் இவன் பேனாவை மூடினான், உள்ளே அவர் இல்லை. அதற்கப்புறம் அவர் வரவேயில்லை. அதிலிருந்து எந்த வீட்டிலும் அந்தப் பாரத்தைத் தொடவில்லை.

பூங்கனி வீட்டுக்காரர் அழகுராசா டோலக் வாசிக்கிறவர். ஆறு மாச வயிற்றோடு இவளை வீட்டில் விட்டுவிட்டுத் திருவிழாக் கச்சேரிக்குப் போனவர், திரும்புகிற வழியில் வேன் கவிழ்ந்து, டோலக் ஒரு கீறல் இல்லாமல் வந்தது, அவர் வரவில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய தேக்கு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இவள் சீராகக் கொண்டுவந்த நாற்காலி அது. நாலு பேர் நடுவில் வாய் திறந்து பேச வராது பூங்கனிக்கு, கடையில் போய் அரைக்கிலோ சீனி கேட்கவே மூன்று தடவை தொண்டையைக் கனைக்கிறவள்; கொட்டகைக்கு வந்தால் தூணுக்குப் பின்னால் நின்று அவர் பிடரியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். பிள்ளை பிறந்து நாற்பதாம் நாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, ஊரே பார்க்க நடந்து, அவர் மடியில் வைத்தாள். அவர் பார்வை மேடையில்தான் இருந்தது. ஆனால் மடி பிள்ளையைத் தாங்கியது, விழாமல் தாங்கியது.

அப்படித்தான் தர்ஷினி வளர்ந்தாள். ஞாயிறு மூன்றாவது மணி அடித்தால் ஓடிப்போய் ஏறிக்கொள்வாள். வியர்க்குரு எல்லாம் அமுங்கி, சில்லென்று இறங்கி வருவாள். அப்பா பதில் சொல்லமாட்டார் என்பது அவளுக்கு ஒரு குறையாகவே தெரியாது. பிறந்ததிலிருந்து அப்பா என்றால் அப்படித்தான். பால்வாடியில் டீச்சர், உங்கப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டதற்கு, "எங்கப்பா செத்தவங்க டீச்சர், ஞாயித்துக்கெழம மட்டும் வருவாங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

விற்கிற பேச்சை எடுத்தவர் வெளியூர்க்காரர், சரக்கு அடுக்க இடம் தேடி வந்தவர். இரண்டு தடவை வந்து கொட்டகையை அடியால் அளந்துவிட்டுப் போனார். உறுப்பினர்களில் பாதிப்பேர் களைத்துப்போயிருந்தார்கள். மகளுக்கு வரன் வந்தவர், இடுப்பு விழுந்து வேஷம் கட்ட முடியாதவர், மகன் இருக்கிற ஊருக்கே போய்விடுவோம் என்கிறவர் என்று பதினொரு பேர் விற்கலாம் என்றார்கள். பத்துப் பேர் கூடாது என்றார்கள். மிச்சம் ஒன்பது பேர் செத்தவர்கள்.

புதன்கிழமை குருவம்மாள் தீப்பெட்டியாபீஸ் வாசலிலேயே வந்து நின்றாள். மேடையில் ராணியாக வருகிறவள், நேரில் முகம் முழுக்க மஞ்சளும் வெற்றிலை வாயுமாக இருப்பாள். அழகுராசா அவளை அக்கா என்பார், அதனால் பூங்கனிக்கு அவள் மதினி.

"ஏ புள்ள, ஒதுங்கி வா, ஒரு பேச்சு."

"சொல்லுங்க மதினி."

"ஞாயித்துக்கெழம கூட்டம். அவனுக பதினொண்ணு, நாம பத்து. சமமா வந்துட்டா விக்க முடியாது, உள்ளது உள்ளபடின்னு சட்டத்துல எழுதிருக்கு. ஒரு கை வேணும்."

பூங்கனிக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைக் காட்டாமல் தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"நீ ஒரு கையெழுத்துப் போட்டா ஒனக்கு ஒரு கை வந்துரும்" என்றாள் குருவம்மாள். "மத்தவுக வாரிசெல்லாம் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போயி அட்ரஸே இல்ல. எந் தம்பி மாசானத்துக்கு வாரிசு நான்தான். ஆனா எனக்கு ஏற்கெனவே ஒரு கை இருக்கு, ஒரு ஆளுக்கு ரெண்டு கை கெடையாது. இருக்கிறது நீதான்."

மாசானம் பபூன் வேஷக்காரர். மேடையில் வந்து நின்றாலே சிரிப்பு. அவரும் ஒன்பது பேரில் ஒருத்தர், அழகுராசாவுக்கு அடுத்த நாற்காலி.

பூங்கனி மெதுவாகக் கேட்டாள், ஆனால் கேட்டுவிட்டாள். "மதினி, ஒங்க தம்பி இருக்கட்டும், எம் புருசன் போகட்டும். அதான?"

வெற்றிலை மெல்லுவது நின்றது. "அப்படித்தான் புள்ள," என்றாள் குருவம்மாள். "வேற மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியல. கொட்டகை போச்சுன்னா ஒன்பது பேரும் போவாக. ஒம் புருசனும் போவான்."

"ஒடனே போகமாட்டாக. கையெழுத்தாகி, சாவி கைமாற மூணு வாரம் ஆகும்னு சேவியர் அண்ணன் சொன்னாரு. மூணு ஞாயிறு இருக்கு."

"மூணு ஞாயிறுக்கு அப்புறம்?"

"தெரியல மதினி. மூணு ஞாயிறு இருக்கு" என்று சொல்லிவிட்டு, அழுகை வருவதற்குள் சங்கு ஊதியதைச் சாக்காக வைத்து உள்ளே ஓடிப்போனாள்.

 அந்த நாலு நாளும் குச்சி அடுக்குகிற கட்டையில் வரிசை வரிசையாகத் தலையைக் காட்டிக்கொண்டு நிற்கிற குச்சிகளைப் பார்த்தால் நாற்காலி வரிசையாகத் தெரிந்தது. மூன்று ஞாயிறு என்பது எவ்வளவு என்று யோசித்தாள். ஒரு ஆட்டம் மூன்று மணி நேரம் என்றால் ஒன்பது மணி நேரம், ஒரு ஷிப்டுக்குக் கொஞ்சம் கூட. அப்புறம் அதற்கும் அந்தப் பக்கம் யோசித்தாள். கொட்டகையே இல்லாமல், நாற்காலியெல்லாம் விறகுக்கடைக்குப் போய், அந்த இடத்தில் மூட்டை மூட்டையாகச் சரக்கு அடுக்கியிருக்கிற காலத்தில், பிள்ளை வளர்ந்து வந்து கேட்பாள். உங்கப்பா செத்தபிறகும் உன்னை மூன்று வருஷம் மடியில் வைத்திருந்தார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பிள்ளையே நம்பமாட்டாள். சின்ன வயசில் கண்ட சொப்பனம் என்று நினைத்துக்கொள்வாள். கொஞ்ச காலம் போனால் நமக்கே அப்படித்தான் தோன்றும். கொட்டகை இருந்து, பக்கத்து நாற்காலியில் மாசானம் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தால், பார் தாயீ, இப்படித்தான், இந்த மாதிரிதான் உங்கப்பா, என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டலாம். அதற்காக அவரைக் கொடுக்க வேண்டுமா என்றும் நினைத்தாள். இரண்டு நினைப்பும் ஒன்றையொன்று தள்ளாமல் நெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டன.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். ஆட்டம் இல்லையென்றாலும் பழக்கத்துக்கு மூன்று மணி அடித்தார்கள். மூன்றாவது மணிக்கு ஒன்பது பேரும் வந்து உட்கார்ந்து, திரை தூக்கிய வெறும் மேடையை, சேவியரின் மேசையை, அதன்மேல் இருந்த தண்ணீர்ச் சொம்பைப் பார்க்கத் தொடங்கினார்கள். தர்ஷினி அப்பா மடியில் ஏறிக்கொண்டாள்.

"விக்கிறதா வேண்டாமாங்கிறது ஒண்ணுதான் இன்னைக்கு" என்று சேவியர் தொடங்கும்போதே, தூணுக்குப் பின்னாலிருந்து பூங்கனி வந்தாள். மேடைப் படியேறப் பயந்து கீழேயே நின்று, எக்கி, மேசையைத் தொட்டாள்.

"அண்ணே, அந்தப் பாரம்."

 விற்க வேண்டும் என்கிறவர்களில் ஒருத்தர், ஆர்மோனியம் தங்கப்பழம், எழுந்தார். "நல்ல கூத்து. கடைசி நேரத்துல கை தயார் பண்றீங்களோ?"

"கூட்டம் தொடங்குறதுக்கு முந்தி கொடுத்தாச் செல்லும்" என்றார் சேவியர். "இன்னும் தொடங்கல. நான் வாயத் தெறந்தது மட்டுந்தான்." பாரத்தை எடுத்து, எங்கே போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டி, பேனாவையும் நீட்டினார். "யோசிச்சியாம்மா?"

அவள் பேனாவை வாங்கினாள், திரும்பிப் பார்த்தாள், கை நின்றுவிட்டது.

"அண்ணே, பிள்ள மடியில இருக்கா. இப்பப் போட்டா கீழ விழுந்துருவா."

யாருக்கும் இது தோன்றியிருக்கவில்லை. குருவம்மாள் போய், "வா கண்ணு, அத்தைகிட்ட வா, முட்டாய் இருக்கு" என்று கையை நீட்டினாள். தர்ஷினி வரமாட்டேன் என்று அழகுராசாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பூங்கனி போய்க் கூப்பிட்டாள். பிள்ளை அவளையும் காலால் எத்தியது.

"பிடுங்காதீங்க" என்றாள் பூங்கனி. அவள் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. "தூங்கட்டும். தூங்குனதும் தூக்கிக்கிறேன்."

"அதுவரைக்கும்?" என்றார் தங்கப்பழம்.

"அதுவரைக்கும் இருங்கண்ணே."

அப்படி இருபத்தொரு பேரும் ஒரு பிள்ளை தூங்குவதற்காகக் காத்திருந்தார்கள். விற்கிறவர்களும் காத்திருந்தார்கள், விற்காதவர்களும் காத்திருந்தார்கள், செத்தவர்களுக்கு அவசரம் ஏது. யாரோ இருமப்போய் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தகரத்தில் வெயில் அடித்து முறுக் முறுக்கென்றது. தங்கப்பழமே எழுந்துபோய், கிறீச்சிடுகிற மின்விசிறியை நிறுத்தி, வேர்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிள்ளை கொஞ்ச நேரம் சட்டைப் பொத்தானைத் திருகினாள், ஒரு கதை மாதிரி என்னவோ அப்பாவிடம் சொன்னாள், சொல்லிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை குழைந்து, தலை அவர் நெஞ்சில் சாய்ந்தது.

பூங்கனி உடனே தூக்கவில்லை. நன்றாகத் தூங்கட்டும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் அதற்காக நிற்கவில்லை. அவர் எதிரில் மண்டிபோட்டு உட்கார்ந்து, மேடையைப் பார்க்கிற அந்தக் கண்ணுக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோனாள். மறைத்துக்கொண்டு நின்றால் ஒரு தடவையாவது பார்ப்பார் என்று நினைத்தாளோ என்னவோ. அவர் பார்வை அவளுக்குள் புகுந்து அந்தப் பக்கம் இருந்த சொம்பைப் பார்த்தது. "நான் என்ன செய்ய" என்றாள் அவள், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு பிள்ளையின் பிடியிலிருந்து சட்டையை விரல் விரலாக விடுவித்து, தூக்கி, குருவம்மாள் மடியில் போட்டுவிட்டு வந்தாள்.

ஐந்தாவதோடு நிறுத்தியவள், ஒவ்வோர் எழுத்தாகத்தான் போடத் தெரியும். பூ என்று எழுதினாள். ங் எழுதினாள். க எழுதி நின்றாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்து, பார்த்தாள், இருந்தார். னி எழுதினாள். அப்புறம் திரும்பவில்லை. கூட்டத்தில் இருந்து வந்த பெருமூச்சே போதுமானதாக இருந்தது.

"உறுப்பினர் தன் நாற்காலியில் உட்காரலாம்" என்றார் சேவியர், எழுதி வைத்ததைப் படிக்கிற குரலில்.

தேக்கு நாற்காலி குளிர்ந்து கிடந்தது. அவள் உட்கார்ந்தாள். இடது பக்கம் மாசானம், வலது பக்கம் பரமசிவம், எட்டுப் பேரின் குளிர்ச்சியும் சேர்ந்து வந்து அவள் முழங்கையில் ஏறியது. சேவியரும் இறங்கிவந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். விற்கலாம் என்கிறவர்கள் கை தூக்கினார்கள், பதினொன்று. வேண்டாம் என்கிறவர்கள் தூக்குங்கள் என்றதும் பத்துக் கை ஏறின, கடைசியாக, தோளிலிருந்து கல்லைத் தூக்குகிற மாதிரி, அவள் கை ஏறியது.

"பதினொண்ணுக்குப் பதினொண்ணு. உள்ளது உள்ளபடி" என்றார் சேவியர். யாரும் சந்தோஷப்படவில்லை. விற்காதவர்கள் ஜெயித்த முகமே இல்லாமல் தரையைப் பார்த்தார்கள். தங்கப்பழம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டே கேட்டார்: "இது எத்தன நாளைக்கு?"

சேவியர் கண்ணாடியைக் கழற்றினார். "அடுத்த வருஷக் கூட்டம் வரைக்கும். அப்பத் திரும்பவும் கேக்கலாம். அதுவும் சட்டத்துல இருக்கு."

குருவம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அது அவளுக்கு முன்னமே தெரியும் என்பது பூங்கனிக்கு அப்போது தெரிந்தது. கோபம் வரவில்லை. வருவதற்கு உடம்பில் சூடு இருக்க வேண்டும். ஆட்கள் ஒவ்வொருத்தராக நாற்காலியை விட்டு எழுந்து, காலை இழுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள், சிலர் அவளைத் தாண்டும்போது ஒரு கணம் நின்று போனார்கள். திரையை இன்னும் இறக்கவில்லை, அதனால் எட்டுப் பேரும் போகவில்லை. அவளும் எழவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, மேசையை எடுத்துவிட்ட வெறும் மேடையைப் பார்த்தபடி, அவர்கள் எப்படி உட்கார்ந்திருந்தார்களோ அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

தர்ஷினி விழித்துக்கொண்டாள். குருவம்மாள் மடியிலிருந்து வழுக்கி இறங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் மணலில் தடுமாறி, பழகின கால் பழகின இடத்துக்கே நடந்து, தேக்கு நாற்காலி முன்னால் வந்து நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். மாசானத்தைப் பார்த்தாள், பரமசிவத்தைப் பார்த்தாள், நடுவில் இருப்பவளைப் பார்த்தாள். முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீயும் செத்துட்டியாம்மா?"

பூங்கனி வாயைத் திறந்தாள். தொண்டையைக் கனைத்தாள். மூன்று தடவை கனைத்தும் ஒன்றும் வரவில்லை.

பிள்ளை அதற்காகக் காத்துக்கொண்டு நிற்கவில்லை. இந்த நாற்காலியில் இருக்கிறவர்கள் பதில் சொல்லமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும். புடவையைப் பிடித்து ஏறி, மடியில் திரும்பி உட்கார்ந்து, மேடையில் என்ன வரப்போகிறது என்று பார்க்கத் தொடங்கினாள்.